பையின் இலக்கங்கள் பாடுமா?

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு கருப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் தொகுதிக்கு இடப்புறமாக உள்ள வெள்ளைக் கட்டையை ஆதார சட்ஜமாகக் கொண்டால், அதிலிருந்து வரிசையாக வரும் வெள்ளைக் கட்டைகள் சங்கராபரண இராகத்தின் சுரங்களைத் தருகின்றன. இவற்றுக்கு எண்கள் இடுங்கள். 1 என்றால் ச, 2 ரி, 3 க, 4 ம, 5 ப, 6 த, 7 நி, 8 மேல்ச, 9 மேல்ரி. 0 வந்தால் எந்தக் கட்டையையும் அழுத்தாமல் ஒரு சுர நேரம் சும்மா இருக்க வேண்டும்.

வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மாறிலிக்குப் 'பை' என்று பெயர். (கிரேக்க எழுத்தின் பெயர் இது, கடைக்குக் கொண்டு போகும் பையன்று.) அதன் மதிப்பு 3.14159265358979... என்று முடிவின்றி நீள்கிறது. நம் விதிப்படி இதை வாசித்தால் க, ச, ம, ச, ப, மேல்ரி, ரி, த, ப, க, ப, மேல்ச, மேல்ரி, நி, மேல்ரி என்று வரும். ஏதோ ஒரு பாட்டின் தொடக்கம் போல முதல் ஐந்து சுரங்கள் காதுக்கு இதமாகவே இருக்கும். ஆறாவது சுரத்தில் திடீரென மேல்தாயிக்குத் தாவி, அடுத்த நொடியே கீழே விழும்போதுதான், பாட்டு எங்கே போகிறது என்ற ஐயம் நமக்கு எழும்.

இவ்வாறு செய்து பார்த்தவர்கள் உலகில் பலர். அவர்களுள் இருவர் நீதிமன்றம் வரை சென்றார்கள் என்பதுதான் வேடிக்கை. லார்ஸ் எரிக்சன் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1992இல் பையின் இலக்கங்களைச் சுரங்களாக்கிய தம் சிம்பொனியைப் பதிவு செய்திருந்தார். 2011இல் மைக்கேல் பிளேக் என்ற மற்றோர் அமெரிக்கர் ஏறத்தாழ இதே முறையில் பையை வாசித்துக் காணொளியாக வெளியிட்டார். அது பரவியது. எரிக்சன் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு 2012 மார்ச் 14ஆம் நாள் வந்தது. மாதத்தை முன்னும் தேதியைப் பின்னும் எழுதும் அமெரிக்க வழக்கப்படி அது 3/14! பை என்பது ஓர் உண்மை. உண்மைக்கு எவரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. இலக்கங்களைச் சுரமாக்குவது ஒரு கருத்து. அதற்கும் உரிமை கிடையாது என்பது நீதிபதி மைக்கேல் சைமன் சொன்னதன் சாரம். வழக்கு தள்ளுபடியாயிற்று. அப்படியானால் எரிக்சனுக்கு உரியது எது? தாள அமைப்பு, பக்கச் சுரங்கள், எந்த வாத்தியம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற முடிவு, இவைதாம். அதாவது பையிலிருந்து வராமல் எரிக்சனிடமிருந்து வந்தவை.

சட்டம் பிரித்துக் காட்டிய இந்தக் கோடு இயற்பியலிலும் உண்டா? ஒரு பாட்டைக் கேட்டு, இதில் இவ்வளவு எண்ணிலிருந்து வந்தது, இவ்வளவு மனிதன் வகுத்த விதியிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியுமா?

காரங்காட்டில் ஒரு சோதனை

இந்தக் கேள்வியை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பள்ளி மாணவி. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள காரங்காட்டில், அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, ஓர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "சார், இது பையோட பாட்டுதான்னு எப்படி சார் நம்புறது? நீங்க கண்டபடி அமுக்கினாலும் இப்படித்தானே கேக்கும்?" என்றாள் அவள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அறிவியல் கேள்வி என்றால் அதுதான்.

உடனே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினோம். நான்கு எண்களை, எது எது என்று சொல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். முதலாவது பை. இரண்டாவது, பள்ளியில் பைக்குப் பதிலாக நாம் எழுதும் 22/7. மூன்றாவது, மடக்கைக் கணக்கில் வரும் ஆய்லரின் எண் 2.718281828459045... நான்காவது எந்த மாறிலியும் அன்று. 0 முதல் 9 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு சட்டியில் போட்டு, பிள்ளைகளே குலுக்கிக் குலுக்கி எடுத்த இலக்கங்கள்.

22/7ஐ அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றுக்குள் கைகள் தாமாகவே தாளம் போடத் தொடங்கின. 22ஐ 7ஆல் வகுத்தால் 3.142857142857... என்று வருகிறது அல்லவா? முதலில் வரும் க போக, மிச்சமெல்லாம் ச, ம, ரி, மேல்ச, ப, நி என்ற ஆறு சுரங்கள் திரும்பத் திரும்ப வருவதுதான். ஆறு அட்சரம் என்பதால் ரூபக தாளத்தில் அச்சாகப் பொருந்தும்! கவும் தவும் அதன்பின் எட்டிப் பார்ப்பதே இல்லை. காரணம் எளிது. 7ஆல் வகுக்கும்போது மீதியாக வரக்கூடியவை 1 முதல் 6 வரைதான். ஆறு படிகளுக்குள் பழைய மீதி ஒன்று மறுபடி வந்தே தீரும். வந்ததும் பழைய இலக்கங்களும் அதே வரிசையில் வரும். பின்னமாக எழுதக்கூடிய எந்த எண்ணுக்கும் இந்த விதி உண்டு. காது இதைப் பிடித்துக்கொள்கிறது.

மற்ற மூன்றில்தான் சிக்கல். எது பை, எது ஆய்லரின் எண், எது சீட்டுக் குலுக்கல் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆய்லரின் எண்தான் 'உண்மையான பாட்டு' என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். அதற்கும் காரணம் உண்டு. 2.7க்குப் பிறகு 1828, 1828 என்று ஒரே துண்டு இருமுறை வருகிறது. ச, மேல்ச, ரி, மேல்ச என்பது உடனே மறுபடி ஒலித்தால், இது திட்டமிட்டுச் செய்தது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் அந்த எண்ணில் அது தற்செயலாக நேர்ந்தது. மூன்றாம் முறை வருவதில்லை.

பையிலும் இத்தகைய ஏமாற்றுகள் உண்டு. முதல் 31 தசம இடங்களில் ஒரு சுழிகூடக் கிடையாது. 32ஆம் இடத்தில்தான் முதல் மௌனம். விநாடிக்கு இரண்டு சுரம் வீதம் வாசித்துக்கொண்டே போனால், ஆறு நிமிடம் கடந்தபின், 762ஆம் தசம இடத்தில் தொடங்கி ஆறு 9கள் அடுத்தடுத்து வருகின்றன. கேட்பவர்கள் கட்டை சிக்கிக்கொண்டது என்றே நினைப்பார்கள்.

இன்னும் நுட்பமான ஒரு போட்டியும் நடத்தலாம். 355/113 என்ற பின்னம் பைக்கு மிக அருகில் இருப்பது. அதன் தசம வடிவம் 3.14159292... முதல் ஏழு இலக்கங்கள் வரை பையும் இதுவும் ஒரே பாட்டு. எட்டாவதில் பை த என்னும்போது இது மேல்ரி என்கிறது. இதுவும் பின்னமாதலால் திரும்பி வந்தே ஆக வேண்டும். ஆனால் இதன் சுற்று 112 இலக்கங்கள். அதே வேகத்தில் 56 விநாடி. ஒரு நிமிடத்துக்கு முன் ஒலித்த ஒழுங்கற்ற சுரக் கோவை இப்போது திரும்புகிறது என்பதை எந்தக் காது நினைவில் வைத்திருக்கும்? விதி இருக்கிறது, ஆனால் காதுக்கு எட்டும் தொலைவில் இல்லை.

விதி உண்டு, சாயல் இல்லை

பையின் நிலையும் இதுவே, இன்னும் தீவிரமாக. பை பின்னமாக எழுத முடியாத விகிதமுறா எண் என்பதை 1761இல் லாம்பர்ட் நிறுவினார். ஆகவே அதன் பாட்டு ஒருபோதும் சுற்றி வராது. ஆனால் சுற்றி வராதது எல்லாம் ஒழுங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 0.101001000100001... என்ற எண்ணைப் பாருங்கள். இதுவும் விகிதமுறா எண்தான், சுற்றி வராது. ஆனால் வாசித்தால் ஒரு ச, ஒரு மௌனம், ஒரு ச, இரண்டு மௌனம், ஒரு ச, மூன்று மௌனம் என்று வரும். சிறு குழந்தையும் விதியைச் சொல்லிவிடும்.

பையின் இலக்கங்களுக்கும் விதி உண்டு. நம் நாட்டுக் கேரளத்தில் வாழ்ந்த மாதவர், லாம்பர்ட்டுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்பே, 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் தலைகீழிகளை மாற்றி மாற்றிக் கூட்டியும் கழித்தும் பையின் நான்கில் ஒரு பங்கைப் பெறலாம் என்று கண்டார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914இல் வெளியிட்ட தொடர்கள் இதைவிடப் பன்மடங்கு விரைவாகப் பையை நெருங்குபவை. அவ்வழியில் 1980களில் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் கண்ட வாய்பாட்டைக் கொண்டு, 2022இல் கணிப்பொறிகள் கோடியைக் கோடியால் பெருக்கிய எண்ணிக்கையளவு இலக்கங்களைக் கணக்கிட்டன. பின்னர் அதையும் தாண்டிவிட்டார்கள். அந்தக் கோடி கோடி இலக்கங்களை நம் ஆர்மோனியத்தில் வாசித்து முடிக்கச் சுமார் 16 இலட்சம் ஆண்டுகள் ஆகும்!

ஆக, ஒவ்வோர் இலக்கமும் கணிதத்தால் கட்டுண்டது. ஆனாலும் இலக்கங்களை எண்ணிப் பார்த்தால் சீட்டுக் குலுக்கலின் சாயலே தெரிகிறது. முதல் பத்து இலட்சம் தசம இலக்கங்களில் மிகுதியாக வருவது 5. அது 1,00,359 முறை. மிகக் குறைவாக வருவது 6. அது 99,548 முறை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் இலட்சம். எல்லா இலக்கங்களும், இலக்கத் தொகுதிகளும் முடிவு வரை இப்படிச் சமமாகவே வரும் என்று கணித அறிஞர்கள் நம்புகிறார்கள். எவரும் இதுவரை நிறுவவில்லை.

இதனால்தான் 'பையின் இசை பிரபஞ்சத்தின் இசை' என்றெல்லாம் சிலர் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பிரபஞ்சத்தைப் பார்ப்பதற்கு முன் நம் கைகளைப் பார்க்கலாம். நமக்குப் பத்து விரல், பத்தடிமானத்தில் எண்ணுகிறோம். எட்டடிமானத்தில் எண்ணியிருந்தால் அதே பை 3.1103755242... என்று எழுதப்பட்டிருக்கும். (எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள்; ஏழு சுரத்துக்கும் ஒரு மௌனத்துக்கும் அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது!) அந்தப் பாட்டு க, ச, ச, மௌனம், க, நி, ப, ப என்று போகும். வட்டம் மாறவில்லை, அதன் பாட்டு முற்றிலும் மாறிவிட்டது.

சரி, சில காணொளிகளில் பை மிக இனிமையாக ஒலிக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த இரகசியத்தை நீங்களே சோதிக்கலாம். வெள்ளைக் கட்டைகளை விட்டுக் கருப்புக் கட்டைகளுக்கு வாருங்கள். மூன்று கருப்புக் கட்டைகள் சேர்ந்த தொகுதியின் முதல் கட்டையை ச எனக் கொண்டால், கருப்புக் கட்டைகள் ஐந்தும் மோகனத்தின் ச, ரி, க, ப, த ஆகும். இரண்டு தாயிகளுக்குப் பத்துக் கட்டைகள், பத்து இலக்கங்கள். இப்போது பையை வாசியுங்கள். குளுமையாக இருக்கும். அடுத்து, உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் பேருந்துச் சீட்டின் எண்ணையும் வாசியுங்கள். அதே குளுமை! மோகனத்தில் எந்த இரு சுரங்களும் அரைச்சுர இடைவெளியில் நெருங்கி நின்று உரசுவதில்லை. இனிமை மோகனத்துக்கு உரியது. பையின் கணக்கில் வரவு வைக்க வேண்டியதில்லை.

எண்ணை ஒளிக்காத இசை

எண் தெளிவாகக் கேட்கும்படி அமைந்த இசை ஒன்று நம்மிடமே உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் வகுத்த 72 மேளத் திட்டந்தான் அது. மத்திமம் இரண்டு வகை. ரி-க இணைகள் ஆறு. த-நி இணைகள் ஆறு. 2, 6, 6 இவற்றைப் பெருக்கினால் 72. ஒரு மேளத்தின் எண்ணைச் சொன்னால் அதன் சுரங்களைக் கணக்காகவே சொல்லலாம். 29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கழித்தால் 28. இது 36ஐவிடக் குறைவு; எனவே சுத்த மத்திமம். 28ஐ 6ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 4. இரண்டோடும் ஒன்று கூட்ட, ஐந்தாம் ரி-க இணை, ஐந்தாம் த-நி இணை. அதுவே சங்கராபரணம், நாம் தொடக்கத்தில் தொட்ட அதே வெள்ளைக் கட்டைகள். பயின்ற காது இந்தக் கணக்கைத் திருப்பியும் போடும். சுரங்களைக் கேட்டு எண்ணைச் சொல்லும். பையை வாசித்தால் இது நடக்குமா?

இராகப் பெயரிலேயே எண்ணை வைத்துப் பின்வந்தோர் கடபயாதி என்ற முறையைப் பொருத்தினார்கள். இதில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1; திருப்பிப் படித்தால் 15ஆம் மேளம். ஹரிகாம்போதியில் ஹ 8, ர 2, ஆகவே 28. (வர்க்க எழுத்துகள் இல்லாத நம் தமிழ் எழுத்தில் எல்லாப் பெயர்களுக்கும் இது கைகொடுக்காது.) பையையும் இதே முறையால் சொல்லில் கட்டியிருக்கிறார்கள். கேரளத்துச் சங்கரவர்மர் 1819இல் இயற்றிய 'சத்ரத்னமாலா'வில் 17 தசம இடங்கள் வரை பையின் மதிப்பு ஒரு தொடரில் அடங்கியுள்ளது. மனப்பாடம் செய்யத்தான் அது.

இராமநாதபுரம், சிவகங்கை அரசவைகளில் பாடிய கவிகுஞ்சர பாரதியின் பேரர் கோடீஸ்வர ஐயர் இந்த 72 மேளங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். 'கந்த கானாமுதம்' என்பது அத்தொகுப்பின் பெயர். இசைக்கு ஒவ்வாதவை என்று பலர் ஒதுக்கிய விவாதி மேளங்களையும் அவர் விடவில்லை. சட்டகத்தை எண் கொடுத்தது. பாட்டை அவர் கொடுத்தார்.

மூன்று பகடைகள்

கடைசியாக, இயற்பியலிலிருந்து ஓர் உதவி. ரிச்சர்டு வாஸ், ஜான் கிளார்க் என்ற இரு இயற்பியலார் 1975இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இசையில் சுரமும் ஒலியளவும் காலப்போக்கில் எவ்வாறு ஏறி இறங்குகின்றன என்று அளந்து பார்த்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஒவ்வொரு சுரமும் முந்தியதைப் பொருட்படுத்தாமல் வந்தால் அது 'வெள்ளை இரைச்சல்' வகை. ஒவ்வொரு சுரமும் முந்தியதிலிருந்து ஒரே படி ஏறியோ இறங்கியோ நகர்ந்தால் அது, நீரில் மிதக்கும் துகள்களின் தள்ளாட்டத்தை ஆராய்ந்த பிரௌன் பெயரால் வழங்கும் வகை. முன்னது குழப்பம்; பின்னது சலிப்பு. மனிதர்கள் விரும்பிக் கேட்கும் இசை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அங்கே மாற்றங்களின் வலிமை அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது: விரைவான சிறு மாற்றங்களும் மெதுவான பெரு மாற்றங்களும் கலந்து வரும்.

இத்தகைய சுரவரிசையைப் பகடைகளால் ஆக்க வாஸ் ஒரு வழி சொன்னார். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகைதான் சுரம். ஆனால் ஒரு பகடையை ஒவ்வொரு சுரத்துக்கும் உருட்ட வேண்டும். இன்னொன்றை இரண்டு சுரத்துக்கு ஒருமுறை. மூன்றாவதை நான்கு சுரத்துக்கு ஒருமுறை. பகடைக்குப் பதில் பையின் இலக்கங்களையே போட்டால் என்ன?

மூன்று கட்டங்கள் வரைந்து, பையிலிருந்து இலக்கங்களை வரிசையாக எடுத்து நிரப்புங்கள். மெதுவான கட்டத்தில் 3, நடுக்கட்டத்தில் 1, விரைவான கட்டத்தில் 4. கூட்டினால் 8. மூன்றால் வகுத்து மீதியை விட்டால் 2, அதாவது ரி. அடுத்த சுரத்துக்கு விரைவான கட்டம் மட்டும் மாறுகிறது: அங்கே 1. கூட்டுத்தொகை 5, வகுத்தால் 1, ச. மூன்றாம் சுரத்துக்கு நடுக்கட்டத்தில் 5, விரைவான கட்டத்தில் 9. கூட்டுத்தொகை 17, சுரம் ப. நான்காம் சுரத்துக்கு விரைவான கட்டத்தில் 2. கூட்டுத்தொகை 10, சுரம் க. ஐந்தாம் சுரத்துக்கு மூன்று கட்டங்களும் மாற வேண்டும். இப்படியே 21 இலக்கங்களைச் செலவிட்டால் பன்னிரண்டு சுரங்கள் கிடைக்கும்:

ரி ச ப க
ம ப நி நி
ம ப நி நி

இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் ஒன்றாக அமைந்தது, ஆய்லர் எண்ணின் 1828 போலத் தற்செயலே. ஆனால் சுரங்கள் தாவாமல் நடப்பது தற்செயலன்று. பழைய முறையில் பையின் முதல் பன்னிரண்டு சுரங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிய படிகளைக் கூட்டினால் 35 வருகிறது. இந்தப் பன்னிரண்டில் 17தான்.

அடுத்த 14 இலக்கங்கள் 2, 6, 4, 3, 3, 8, 3, 2, 7, 9, 5, 0, 2, 8. இவற்றால் எட்டுச் சுரங்கள் ஆகும். முதல் நான்கு ம க ம ரி என வர வேண்டும். எஞ்சிய நான்கையும் நீங்களே கணக்கிட்டு, இருபது சுரங்களையும் ஒருசேர வாசித்துப் பாருங்கள்.